பாகற்காய்க்குள் புழு வந்தது எப்படி?

"பாகல் நல்லாத்தான் காய்ச்சிச்சு. பிஞ்சிலேயே மஞ்சளாகி, கோணிப்போய் விழுந்திருச்சு. யார் கண்ணு பட்டுச்சோ!"

லயத்தில் இப்படிப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அடுத்த முறை விழுந்த பிஞ்சை எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். தரையில் விட்டால் சில துள்ளவும் செய்யும். இவை பழ ஈயின் புழுக்கள்.

பழ ஈ எது?

குசினியில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈ அல்ல இது. ஏறக்குறைய வீட்டு ஈயின் அளவு இருக்கும். கபில நிற உடம்பில் மஞ்சள் கோடுகள் உண்டு. பார்த்தால் சின்னக் குளவி போலத் தெரியும். பாகல், புடோல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றைத் தாக்குவது ஒரு வகை. கொய்யா, மாங்காயைக் கெடுப்பது இன்னொரு வகை.

அதன் வாழ்க்கை

பெண் ஈ ஊசி போன்ற உறுப்பால் காயின் தோலைக் குத்தி, உள்ளே முட்டை இடும். ஓரிரு நாளில் முட்டை பொரிக்கும். புழு சதையைத் தின்று ஒரு கிழமை அளவில் வளரும். பிறகு காயை விட்டு வெளியேறி, மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் புகுந்து கூட்டுப்புழுவாகும். பத்து நாள் அளவில் அதிலிருந்து புது ஈ வரும். குளிரான மேட்டுத் தோட்டங்களில் இந்த நாட்கள் கூடும்.

ஒரு ஈ தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அப்படியானால், வேலியோரம் நாம் வீசிய ஒரு புழுக்காய் எத்தனை ஈயை உண்டாக்கும்? யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. பொறுக்குதல்: விழுந்த காய், குத்துப்பட்ட காய் எல்லாவற்றையும் தினமும் பொறுக்குங்கள். கொழுந்துக்குப் போகும் முன் பத்து நிமிடம் போதும். பசளைக் குழியில் போட வேண்டாம். புழு அங்கேயே வளர்ந்துவிடும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள்.

2. உறை போடுதல்: பூ வாடி, பிஞ்சு பிடித்தவுடன் பழைய பத்திரிகையில் பை செய்து மூடிக் கட்டுங்கள். பூவிலேயே மூடினால் தேனீ வர முடியாது, காயும் பிடிக்காது. மழையில் பை கிழிந்தால் மாற்றுங்கள்.

3. மண்ணைக் கிளறுதல்: கொடியின் அடியில் மண்ணை மெதுவாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு மேலே வரும். கோழி பொறுக்கித் தின்னும்.

4. துளசிப் பொறி: துளசியில் உள்ள ஒரு வாசனைப் பொருள் கொய்யா, மாங்காய் ஈயின் ஆணை இழுக்கும். ஆனால் பெண் ஈயை அது பிடிக்காது. பாகல் ஈக்கும் உதவாது. ஆகவே பொறியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பாகல் ஈக்கு வேறு கவர்ச்சி மருந்து உண்டு. விவசாயப் போதனாசிரியரிடம் விசாரியுங்கள்.

மருந்து அடிக்கலாமா?

"ஸ்டோரில் மிஞ்சின மருந்து இருக்கு, கொஞ்சம் அடிச்சா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். புழு காய்க்குள் இருக்கிறது. மேலே அடிப்பது அதைச் சரியாக எட்டாது. விஷம் தோலில் தங்கும், அந்தக் காயை நம் பிள்ளைகள்தான் சாப்பிடுவார்கள். தேயிலைக்கு வந்த மருந்தும், அதன் வெறும் போத்தலும் வீட்டுக்கு வரக்கூடாது.

ஒரு வீடு போதாது

ஈக்கு வேலி கிடையாது. நீங்கள் பொறுக்கி, பக்கத்துக் காம்பராக்காரர் வீசினால் பலன் குறைவு. ஜப்பானின் தெற்குத் தீவுகளில் மலடாக்கிய ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டு, தீவு தீவாக வேலை செய்து, 1993இல் பாகல் ஈயை முற்றாக ஒழித்தார்கள். அவ்வளவு பெரிய வேலை நம்மால் முடியாது. ஆனால் ஒரு லயம் முழுவதும் சேர்ந்து தினமும் காய் பொறுக்க முடியும்.

இந்த ஞாயிறு லயத்தார் எல்லாரும் கூடி, பொதுவாக ஒரு புதைகுழி வெட்டுங்கள். காய் பொறுக்குவதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். சந்தையில் மரக்கறிக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சமாவது வீட்டில் மிஞ்சட்டும்.