முன்மாரிக்கும் பின்மாரிக்கும் நடுவே

அன்பு மகளே,

ஜமுனாமரத்தூரிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எட்டு மாதமாக ஊர் ஊராக நடந்தும் ஜனங்கள் உன்னை அந்நியமாகவே பார்க்கிறார்கள் என்கிறாய். முழங்காலிட்டால் வாயில் வார்த்தை வரவில்லை என்கிறாய். ராஜினாமா எழுதிப் பெட்டியில் வைத்திருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாய். அதற்காக உன்மேல் பிரியம் கூடித்தான் போயிற்று.

உன் வயதில் அதே ஜவ்வாது மலையில் நானும் நர்ஸாக இருந்தவள். ஒரு தாய், காய்ச்சல் கண்ட பிள்ளையை மூன்று நாள் கழித்துத் தூக்கி வந்தாள். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். பிள்ளை பிழைத்தது. ஆனால் அவள் ஊரிலிருந்து அப்புறம் ஒருவரும் வரவில்லை. காட்டாற்றில் வெள்ளம் வடியும்வரை அவள் அக்கரையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. போய் மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அவர்கள் மறுபடி என்னிடம் வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தில், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிற விவசாயி ஒருவன் வருகிறான் அல்லவா? அவனைப் பார்க்க நீ வெகுதூரம் போகவேண்டாம், ஜன்னலைத் திற. மலைச் சரிவில் மானாவாரியாகச் சாமை விதைக்கிறவர்களுக்குக் கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. விதைத்தபின் களை எடுக்கிறார்கள், கதிர் பிடித்தால் குருவி விரட்டுகிறார்கள். மழையை அவர்களால் கொண்டுவர முடியாது. அதை ஆண்டவரிடம் விட்டுவிடுகிறார்கள். நீயோ களைக்கொத்தோடு மழையையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். சோர்வு வராமல் என்ன செய்யும்?

பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. வேதனைப்படுகிறவர்களிடம் சுலபமாகப் 'பொறுத்துக்கொள்' என்று சொல்வது எனக்கு ஆகவே ஆகாது. 13ஆம் சங்கீதத்தில் தாவீது, இன்னும் எவ்வளவு காலம் என்று நாலு தரம் தேவனிடம் முறையிடுகிறான். முறையிடுகிறானே தவிர, அவரை விட்டுப் போகவில்லை.

டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தார். 1954 ஜனவரியில் அவர் போன வண்டி கவிழ்ந்து தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோயிற்று. பிரசவ மருத்துவராக வேண்டுமென்ற ஆசை அதோடு போயிற்று. கால்கள் திரும்ப வரவேயில்லை. அங்கே வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட் சொன்ன யோசனையின்படி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றார். அப்படிச் சரிசெய்த விரல் உடனே நீளாது. கட்டுப் பிரித்தபின் வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கவேண்டும். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தபோது, அந்த விபத்து நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. உன் எட்டு மாதத்தைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை, மகளே. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவருக்கு ஒவ்வொரு நாளாகத்தான் கொடுக்கப்பட்டது.

வார்த்தை வராத ராத்திரிகளில் ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டுப் படு. அந்த ராத்திரிக்கு அது ஜெபம்தான். பகலில் மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, யார் வீட்டுத் திண்ணையிலாவது சற்று உட்கார். அவர்கள் பேசட்டும், நீ கேள்.

ராஜினாமாவைக் கிழிக்கச் சொல்லமாட்டேன். பெட்டியிலேயே இருக்கட்டும். சாமை அறுப்பு முடிந்ததும் நான் மலைக்கு வருகிறேன். அந்தத் தாய்க்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் வீட்டில் புதுச் சாமைச் சோறு சாப்பிட உன்னையும் அழைத்துப்போகிறேன்.

உன் பெரியம்மா