கோஷ்டியின் ஓராண்டு

ஶ்ரீ:
ஶ்ரீமதே ராமாநுஜாய நம:

பாகவதர்கள் எதிரெதிரே இரு வரிசையாக எழுந்தருளியிருந்து, ஒரே குரலாக அருளிச்செயலை அநுஸந்திப்பதைக் கோஷ்டி என்கிறோம். நாலாயிரமும் கற்றுத் தனியே ஸேவிக்க வல்லவரும் இதில் அந்வயிக்க ஆசைப்படுவது ஏன்? ஓராண்டில் கோஷ்டி நடக்கும் முறையை நோக்கினால் இது விளங்கும்.

கோஷ்டி தொடங்குவது திருப்பல்லாண்டில். அந்த ப்ரபந்தமே ஒரு கோஷ்டி உருவாகும் வரலாறு. முதல் இரண்டு பாசுரங்களில் பெரியாழ்வார் தாமே மங்களாசாஸனம் செய்கிறார். 3, 4, 5ஆம் பாசுரங்களில் பகவானையே விரும்புபவர், கைவல்யத்தை விரும்புபவர், ஐச்வர்யத்தை விரும்புபவர் ஆகிய மூவகையாரையும் அழைக்கிறார். அடுத்த மூன்றில் அவர்கள் வந்து சேர்கிறார்கள். அதற்கடுத்த மூன்றில் ஆழ்வாரோடு கூடிப் பாடுகிறார்கள். வேறு பலன் கருதி வந்தவரையும் ஆழ்வார் விலக்கவில்லை. கூடிப் பாடும்போதே அவர்களுடைய பழைய ஆசை கழிந்துவிடுகிறது என்பது இங்கு நாம் அறியவேண்டிய பொருள்.

சித்திரைத் திருவாதிரையில் எம்பெருமானார், வைகாசி விசாகத்தில் நம்மாழ்வார், ஆனி ஸ்வாதியில் பெரியாழ்வார், ஆடிப்பூரத்தில் ஆண்டாள், ஐப்பசியில் முதலாழ்வார்கள் மூவர் என்று திருநக்ஷத்ரங்கள் வரிசையாக வருகின்றன. அந்தந்த நாள்களை ஒட்டி அவரவர் ப்ரபந்தங்கள் ஸேவிக்கப்படுவதால், வரிசையின் கடைசியில் அமரும் சிறுவனுக்கும் ஆண்டு முழுவதும் ஒரு பாடமாகிறது. ஆசார்யன் ஒரு முறை சொல்ல, சிஷ்யர் இரு முறை சொல்லும் ஸந்தையில் அவன் கற்றது இங்கே உறுதிப்படுகிறது.

கார்த்திகையில் கார்த்திகை திருமங்கையாழ்வார் திருநக்ஷத்ரம். அதன்பின் அநத்யயன காலம் தொடங்குகிறது. மார்கழியில் திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும், அத்யயன உத்ஸவத்தில் நாலாயிரமும் ஸேவிக்கப்பெறும். மற்றை நாள்களில் பல திவ்யதேசங்களில் உபதேசரத்தினமாலை, திருவாய்மொழி நூற்றந்தாதி ஆகியவற்றையே ஸேவிப்பர். இக்காலம் முடிந்து கோஷ்டி மீண்டும் தொடங்கும் நாள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

அந்த முதல் நாளில் நன்கு கற்றவருக்கும் ஓர் அடி மறந்துபோவது உண்டு. அவர் திகைத்து நிற்பதற்குள் பக்கத்திலிருப்பவர் குரல் அவரை அடுத்த அடியில் சேர்த்துவிடுகிறது. மறந்தவர் இன்னார் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. ‘நான் கற்றேன், என் குரல் இனிது’ என்னும் அஹங்காரம் கரைவதும் இந்த இடத்திலேதான். தனியே ஸேவிப்பவருக்கு இந்த லாபம் இல்லை.

இத்தொடர்ச்சி அறுந்தால் என்னாகும் என்பதை நாதமுனிகள் வைபவம் காட்டுகிறது. ஆயிரம் பாசுரங்கள் இருந்த இடத்தில், ஆராவமுதன் விஷயமான பத்து மட்டுமே அவர் செவிக்கு எட்டியது. குருகூர் சென்று, 11 பாசுரங்கள் கொண்ட கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை அநுஸந்தித்து, நம்மாழ்வாரிடம் நாலாயிரத்தையும் பெற்றார். பெற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமல், மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தார். இருவர் கூடினால் அதுவே கோஷ்டி.

இன்று கடல் கடந்து வாழும் அடியார்கள் இணையவழியில் ஸந்தை கற்கிறார்கள். இது பெரும் பாக்யம். ஆயினும் அங்கே ஒருவர் குரல் மற்றவரை அடையச் சற்றுத் தாமதமாவதால், ஒருவர் ஸேவிக்க, மற்றவர் தம் ஒலிவாங்கியை அடைத்துக்கொண்டு தமக்குள் சொல்லவேண்டியிருக்கிறது. பாசுரம் கிடைக்கிறது, கோஷ்டி கிடைப்பதில்லை. ஆகையால் அருகில் இன்னும் ஓர் அடியார் இருந்தாலும் திருநக்ஷத்ர நாள்களிலாவது நேரில் கூடி, எதிரெதிரே அமர்ந்து திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களையேனும் ஸேவிப்போமாக. அடி தவறினால் எடுத்துக்கொடுக்க ஒருவர் எதிரே இருப்பார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்