தீவுகளில் கோடைப் பகல் முகாம்: விரிவாக்கப் பயிற்சியாளருக்கு ஒரு பாடம்

வேளாண் அறிவைக் கல்விக்கூடத்திலிருந்து கிராமத்திற்குக் கொண்டுசெல்லும் பணியே விரிவாக்கம். நம் நாட்டில் 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் இதற்கு அடித்தளமிட்டது. 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் அமைந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென 1978-இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இத்தகைய நிலையமொன்றில் பயிற்சி பெறும் மாணவரிடம், விடுமுறையில் இளைஞர்களுக்குப் பகல் முகாம் நடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதாகக் கொள்வோம். அவர் எங்ஙனம் திட்டமிட வேண்டும்?

முதலில் கவனிக்க வேண்டியது நேரம். இந்திய நேரம் கிழக்கு 82½ பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. தீவுகளோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், சூரியன் இங்கு சுமார் 41 நிமிடம் முந்துகிறது, முற்பகல் 11.20 மணி அளவிலேயே உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆகவே பத்து மணிக்குத் தொடங்கும் பெருநில அட்டவணையை அப்படியே பின்பற்றினால், களப்பணி கடும் வெயிலில் சிக்கும். காலை ஆறரை மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் வெளிவேலையை முடிப்பதே முறை.

அடுத்தது பருவம். தென்மேற்குப் பருவமழை மே மாதப் பிற்பகுதியில் இத்தீவுகளை எட்டிவிடுகிறது. மழைக்காலக் கடலில் படகுப் போக்குவரத்து தடைப்படக்கூடும். எனவே பிற தீவிலிருந்து வரும் வல்லுநரை நம்பியே ஒரு நாளின் பாடத்தை அமைக்கலாகாது. மாற்று ஆசிரியரும் கூரையுள்ள இடமும் முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது பாதுகாப்பு. உவர்நீர் முதலைகள் வாழும் கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும் நீராடும் இடங்களல்ல. கடல் ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், கடற்கரைப் பாடத்திற்கு அன்றன்றைய ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தீவுகள் இழந்த உயிர்கள் பல. கரையில் நீடித்த நில அதிர்வை உணர்ந்தால், எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுநிலத்திற்குச் செல்ல வேண்டும் என்பதை முதல் நாளிலேயே நடந்து காட்டிக் கற்பிக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதிகளை முகாம் இடமாகவோ சுற்றுலா இடமாகவோ எண்ணவே கூடாது.

நான்காவது பாடப்பொருள். அது மாணவரின் வீட்டிலிருந்தே தோன்ற வேண்டும். தென்னை விதைக்காய்த் தேர்வு, தழைக்கழிவில் மண்புழு உரம் தயாரித்தல், பாக்குத் தோப்பில் ஊடுபயிர் ஆகியவை பொருத்தமானவை. ஒரு கணக்கையும் சேர்க்கலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவுகளில், 50 சதுர மீட்டர் கூரையின்மேல் ஒன்றரை இலட்சம் லிட்டர் விழுகிறது. அவ்வாறிருந்தும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பல ஊர்களில் நீர்த்தட்டுப்பாடு நிலவுகிறது. தன் வீட்டுக் கூரையை அளந்து பார்க்கும் சிறுமி, தட்டுப்பாடு மழையில் இல்லை, சேமிப்பில்தான் உள்ளது என்பதைத் தானே உணர்வாள்.

மொழியும் முக்கியம். வங்காளி, தமிழ், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி எனப் பல மொழியினர் வாழுமிடம் இது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் கச்சாலில் இரப்பர்த் தோட்டப் பணிக்காகக் குடியேற்றப்பட்டன. மொழிவாரியாகப் பிரிக்காமல் கலந்த குழுக்கள் அமைத்து, செய்முறை வழியே கற்பித்தல் நலம்.

இறுதியாக மதிப்பீடு. வந்தோர் எண்ணிக்கை மட்டும் முகாமின் வெற்றியைக் காட்டாது. மூன்று மாதங்களுக்குப் பின் எத்தனை வீடுகளில் உரக்குழி பயன்பாட்டில் உள்ளது, எத்தனை கூரைகளின் நீர் தொட்டியை அடைகிறது என்று நேரில் கண்டு பதிவு செய்ய வேண்டும். பயிற்சியாளர் ஊர் திரும்பிய பின்பும் அப்பதிவேடு நிலையத்தில் இருந்தால், அடுத்து வருபவர் அங்கிருந்தே பணியைத் தொடரலாம்.