வண்ணத்துப்பூச்சியும் புளிக்கரைசலும்



“மனநல வினாத்தாளை அரபியில் பெயர்த்தாயிற்று, இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கியபோது மூலத்தோடு பொருந்திவிட்டது. அப்புறம் என்ன ஐயா சரிபார்ப்பு?” என்று கேட்டிருந்தாய், தம்பி. அந்த ‘அப்புறம் என்ன’வுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983இல் வெளியிட்ட மருத்துவமனைப் பதற்ற-மனச்சோர்வு அளவுகோலில் ஒரு கேள்வி, வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்கிற மாதிரியான பயத்தைப் பற்றியது. நமக்கானால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அரபியில் பூச்சியையே எழுதிவை. திரும்பப் பெயர்ப்பவர் அதே பூச்சியைப் பிடித்து உன் கையில் கொடுத்துவிடுவார். பொருத்தம் நூற்றுக்கு நூறு. நோயாளி மட்டும் விழிப்பார்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கை நான் ஓயாமல் படிப்பது உனக்குத் தெரியும். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைப் பெயர்க்குமுன் கிரேக்கப் பிரதிகள் பலவற்றைத் திரட்டி ஒப்பிட்டார். சொல்லை விட்டுப் பொருளைப் பிடித்தார். முன்னோர் பெயர்ப்புகளைக் கடுமையாகத் திட்டியும் வைத்தார். இன்றைய ‘திரும்பப் பெயர்ப்பு’த் தேர்வில் அவர் தோற்றிருப்பார் என்பது என் கட்சி. சிரிக்காதே.

சரி, வார்டுக்கு வா. அரபியில் ‘ளீக்’ என்றால் நெருக்கம், இறுக்கம். மனம் நொந்தவரும் நெஞ்சில் ளீக் என்பார். மூச்சு முட்டுபவரும் அதே சொல்லைச் சொல்வார். நெஞ்சில் ளீக் உண்டா என்று இதயநோய்ப் பிரிவில் கேட்டால், வரும் ‘ஆம்’ எதைக் குறிக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் 20 கேள்வி மனநலத் தாளிலும் இதே வம்புதான்: தலைவலி, பசியின்மை, தூக்கக் கேடு. சர்க்கரையும் சிறுநீரகமும் கெட்டவர் மனநோய் இல்லாமலே பலவற்றுக்கு ‘ஆம்’ போடுவார். சிக்மண்டும் ஸ்னெய்த்தும் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே தவிர்த்தது இதனால்தான். இன்னொரு சிக்கல்: எழுத்தரபியில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுபவர் பேச்சரபிக்குத் தாவினால், அது வேறு கேள்வி.

ஆகவே மனநல மருத்துவர் தனியே பேட்டி எடுத்து, அவர் முடிவோடு மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும். எல்-ருஃபாயியும் அப்ஸூதும் 1987இல் சவூதி நோயாளிகளிடம் சிக்மண்ட்-ஸ்னெய்த் அளவுகோலின் செல்லுபடியை ஆராய்ந்தார்கள். 1994இல் அமீரகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 20 கேள்வித் தாளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாட்டில் பார்த்த வேலை இன்னொன்றுக்கு அப்படியே செல்லாது.

செல்லுபடியான தாளும் தவறும், அதற்கு ஒரு கணக்கு. 100 பேரில் 20 பேருக்கு நோய். தாள் நோயுள்ளவர்களில் 80 விழுக்காட்டையும் நோயற்றவர்களில் 80 விழுக்காட்டையும் சரியாகச் சொல்கிறது என்று வை. அது கைகாட்டும் 32 பேரில் 16 பேர் வீணாக மாட்டியவர்கள்!

நீ அனுப்பிய கட்டுரையில், பேட்டி எடுத்த மருத்துவருக்கு மதிப்பெண் முன்பே தெரியுமா என்று இரண்டு முறை தேடினேன், கண்ணில் படவில்லை. நீயும் பார்த்து எழுது.