மருந்துக்கும் வெயில் ஆகாது

இட்லி மாவை வெளியே வைத்தால் ஒரே இரவில் புளித்துப் பொங்குகிறது. ஐஸ்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் தாங்குகிறது. மாவு ஒன்றுதான், சூடுதான் வேறு. சூடு ஏற ஏறப் பொருளிலுள்ள நுண்துகள்கள் வேகமாக மோதிக்கொள்ளும். ரசாயன மாற்றமும் சீக்கிரம் நடக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு.

மருந்துக்கும் இதே கதிதான். '30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்று பெட்டியில் சும்மாவா போட்டிருக்கிறான்? நாமோ தகரக் கூரைக்கடியில், அலமாரி உச்சியில் வைக்கிறோம். ஆஸ்பிரின் புட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் ஈரமும் சூடும் சேர்ந்து மாத்திரையைச் சிதைத்துவிட்டன என்று அர்த்தம். ரப்பர் பாலை உறைய வைக்கும் அசெடிக் அமிலத்தின் வாடைதான் அது! அந்த மாத்திரையை விழுங்காதீர்கள்.

இன்சுலின் இன்னும் பொல்லாதது. கெட்டாலும் வாடை வராது; பார்வைக்கும் பெரும்பாலும் தெரியாது. ஊசி தவறாமல் போட்டும் இனிப்புநீர் குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு நல்ல புட்டி கைக்கு வந்ததும், கூட்டிய அந்த அளவே தாத்தாவை மயக்கத்தில் தள்ளிவிடும். உயிருக்கே ஆபத்து.

திறக்காத இன்சுலினை ஐஸ்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறையும் தட்டில் வேண்டாம், உறைந்தால் வீண். திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டு, திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஐஸ்பெட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று: மருந்தை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு டவுனில் கதை பேசிக்கொண்டு நிற்காதீங்க. நேரே வீட்டுக்கு வாங்க.