முதலில் தேங்காய் வெட்டுத் தேதியைக் கேள், கண்ணு

அப்புச்சியின் தோட்டத்துச் சாளையிலேயே கல்யாணம் என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் தென்னை மரத்தடியில் வெள்ளை நாற்காலி வரிசை. அதை அடுக்கியவர் தென்னந்தோப்புக்குள் ஒரு நாளாவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம். காய் தொங்குகிற மரத்துக்குக் கீழே நாம் கயிற்றுக் கட்டிலைக்கூடப் போட மாட்டோம். பெர்லினிலிருந்து வருகிறவர்களை உட்கார வைப்போமா?

அதனால் பூக்காரரிடமும் போட்டோக்காரரிடமும் பேசுவதற்கு முன்னால் மாமாவுக்கு போன் போடு. நம் பக்கத்தில் சுமார் 45 நாளுக்கு ஒரு வெட்டு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வெட்டு வருகிற மாதிரி இப்போதே கணக்குப் போட்டால்தான் சரியாக வரும். காயோடு சேர்த்துக் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொல். இன்னொன்று, வெள்ளை ஈ. பொள்ளாச்சிப் பக்கம் சில வருடங்களாகத் தோப்புகளைப் படுத்துகிற பூச்சி. அது விழுந்த மரத்திலிருந்து பிசுபிசுவென்று ஒரு திரவம் சொட்டும், கீழ் ஓலை கறுத்துப் போகும். அந்த மரங்களுக்குக் கீழே காரும் நிறுத்தாதே, இலையும் போடாதே.

வெட்டு முடிந்தாலும் மணவறை மரத்தடியில் வேண்டாம். கொப்பரை காயப்போடும் களம் இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் எந்த ரிசார்ட்டிலும் கிடைக்காது. காலுக்குக் கீழே சிமென்ட், சுற்றிலும் தோப்பு, தூரத்தில் ஆனைமலை. ஹீல்ஸ் போட்டவர்களும் சேற்றில் புதைய மாட்டார்கள், சக்கர நாற்காலியில் வருகிற மாப்பிள்ளையின் பாட்டியும் நேராக மணவறை வரைக்கும் வந்துவிடலாம். கல்யாணத்தை ஒட்டிய பதினைந்து நாள் மட்டும் களத்தில் கொப்பரை காயக் கூடாது என்று மாமாவிடம் சொல்லி வை. அந்த எண்ணெய் வாடை நமக்குப் பழக்கம். வருகிறவர்களுக்கு அப்படி இல்லை.

நாளும் நேரமும்

ஆடியும் மார்கழியும் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழையும் காற்றும் நம் பக்கம் நுழைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் ஐரோப்பாக்காரர்கள் வெந்துபோவார்கள். தைதான் நமக்கு. ஆனால் பொங்கலை ஒட்டி வைக்காதே. ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஏறிய விமானக் கட்டணமும் அப்போதுதான் இறங்க ஆரம்பிக்கும். தை பிற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்.

முகூர்த்தம் விடியற்காலை ஆறு மணிக்கு வேண்டவே வேண்டாம். நமக்கு ஆறு என்றால் பெர்லினில் இரவு ஒன்றரை, லண்டனில் பன்னிரண்டரை. தூக்கம் கலையாத கண்ணோடு அவர்கள் அட்சதை போடுவதைப் பெரியப்பா மகன் கல்யாணத்தில் பார்த்தேன், பாவமாக இருந்தது. (டொரண்டோ சித்தி மட்டும் துறுதுறுவென்று இருந்தாள். அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம் ஏழரை.) ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. ஜோசியரிடம் அந்த நேரத்தைக் கேட்டுப் பார். நாமே கேட்காவிட்டால் அவர் வழக்கம்போல ஐந்தரை, ஆறு என்றுதான் எழுதிக் கொடுப்பார்.

காகித வேலை

இதைப் படிக்க உனக்குச் சலிப்பாக இருக்கும், ஆனால் இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

தாலி கட்டினால் ஊருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அரசாங்கத்துக்கு ஆகவில்லை. மாப்பிள்ளை வேறு மதம், வேறு நாடு என்பதால் 1954-ம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்தின்படிதான் பதிவு. உங்கள் இருவரில் ஒருவராவது பதிவு செய்யும் மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க முடியும். கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதிவை முடிக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி. மூன்று சாட்சிகள் வேண்டும். நீ சென்னையில்தானே வேலை பார்க்கிறாய், அங்கேயே நோட்டீஸ் கொடு. மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை என்று அவர் நாட்டுச் சான்று என்ன கேட்பார்கள் என்பதைப் பதிவு அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடு.

விருந்தினர்களுக்கு விசா. 30 நாள் சுற்றுலா இ-விசாவுக்கு வருகிற தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மன்காரர்கள் ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து, தளம் ஏற்கவில்லை என்று பதறுவார்கள். அழைப்பிதழோடு இதையும் எழுதி அனுப்பு. இணைய முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா எனப் பார்க்கச் சொல். அதே சாயலில் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

சாளையிலேயே சிலரைத் தங்கவைக்கப் போகிறாய் அல்லவா? வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். லாட்ஜ்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்பார்கள். சொந்த வீடு, சொந்த விருந்தாளி என்பதால் விலக்குக் கிடையாது. உன் வேலைப் பட்டியலில் இதைச் சேர்க்காதே, மஞ்சள் பூசிய கையோடு லேப்டாப் முன்னால் உட்கார முடியாது. தம்பியிடம் ஒப்படைத்துவிடு.

வருகிற வழி

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கோயம்புத்தூருக்கே விமானம் இருக்கிறது. மற்றவர்கள் கொச்சியில் இறங்கி பாலக்காடு வழியாக வரலாம், காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். இரண்டு நாள் முன்னதாக வரச் சொல். வந்த மறுநாளே ‘இயற்கையைக் காட்டுகிறேன்’ என்று வால்பாறைக்கு வேன் ஏற்றிவிடாதே. 40 கொண்டை ஊசி வளைவு. தூக்கம் கெட்ட வயிற்றுக்கு அது தாங்காது. அதெல்லாம் கல்யாணம் முடிந்த மறுநாள். சாயங்காலம் தனியாகக் காட்டு ஓரம் நடக்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடு. காட்டுப் பன்றியும் யானையும் இறங்குகிற ஊர் என்று சொன்னால் அவர்களுக்கு ஆசைதான் கூடும், அதனால் சமையல்கட்டில் தேங்காய் துருவ உதவி வேண்டும் என்று கூப்பிடு. அண்ணன் கல்யாணத்தில் கனடாக்கார நண்பர்கள் இரண்டு பேர் துருவல்மணையை விட்டு எழவே இல்லை.

அலங்காரத்தில் கை வைக்காதே

பச்சைப் பந்தல், வாழை மரம், பாக்குக் குலை, தென்னங்குருத்துத் தோரணம். இவ்வளவு போதும். தோப்புக்குள் பெங்களூர் ரோஜாவை லாரியில் இறக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன். தையில் குளிருக்கு மல்லிகை வரத்து குறைந்து விலை எங்கேயோ போய்விடும். அதே பருவத்தில் செவ்வந்தி அள்ளிக் கொட்டும். சம்பங்கி, செவ்வந்தி, நடுவில் மரிக்கொழுந்து என்று கட்டச் சொல். மல்லிகையைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்.

காய்ந்த கீற்றுப் பந்தல் தீப்பொறிக்குக் காத்திருக்கும். அடுப்பு பந்தலிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கட்டும், நான்கு டிரம்மில் தண்ணீர், இரண்டு மூட்டை மணல். தோட்டத்து மோட்டாருக்கு வருகிற இலவச மின்சாரத்தில் சீரியல் லைட் போடக் கூடாது, மாட்டினால் அபராதம். தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடு, கூடவே ஒரு ஜெனரேட்டர். நடைபாதை விளக்குகளை முழங்கால் உயரத்தில் கட்டச் சொல். மரத்து உச்சியில் மினுக்கும் விளக்கு படத்துக்கு அழகு, பாம்பு கிடப்பதைக் காட்டாது. நான்கு நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டால் தரை இறுகிவிடும்.

கழிப்பறைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. உட்காரும் வகை, உள்ளே காகிதம், வெளியே கை கழுவ சோப்பு, வாசலில் ஒரு ஆள். செப்டிக் டேங்கைப் போன வாரமே காலி செய்திருக்க வேண்டும் என்று கல்யாணத்தன்று தெரிவதுபோலக் கொடுமை வேறில்லை. எங்கே நடந்தது என்று கேட்காதே.

சாப்பாடு

இதில் உனக்கு யோகம். கொங்குச் சமையல் காரத்தில் நிற்பதில்லை. அரிசிம்பருப்புச் சாதம், பச்சைப்பயறு கடைசல், சந்தகைக்குத் தேங்காய்ப்பால், ஒப்புட்டு, எள்ளுருண்டை. வெண்ணெய் பன்னீர் என்று வடநாட்டுக் கவுண்டர் ஒன்று வைக்கிறேன் என்று சமையல்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல். அதை அவர்கள் பெர்லினிலேயே சாப்பிட்டுக்கொள்வார்கள்.

அழைப்புக்குப் பதில் வாங்கும்போதே ஒவ்வாமையைக் கேட்டு எழுதி வை. முந்திரி, நிலக்கடலை, எள், பால். சந்தகையும் தேங்காய்ப்பாலும் பால் சேர்க்காதவர்களுக்கும் கோதுமை ஆகாதவர்களுக்கும் ஒரே அடியில் ஆகும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை: பெருங்காயம். கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையே ஆகாத ஒருவருக்கு, அரிசிச் சோற்றோடு ரசம் என்று நிம்மதியாக ஊற்றுவோம், அதில் வினை. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவில் செய்ததாகப் பார்த்து வாங்கு, அல்லது கோதுமை ஆகாதவர்களுக்குத் தனியாகத் தாளி. நெய்யை இலையில் தானாக ஊற்றாமல் கேட்டு ஊற்றச் சொல். பரிமாறுகிறவர்கள் பாசத்தில் இதை மறந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வாமை உள்ளவர்களை ஒரே வரிசையில் உட்கார வைத்து, நம் பெண்களில் ஒருத்தியை அந்த வரிசைக்கு நிறுத்து.

கேன் தண்ணீர் மட்டும், எவர்சில்வர் டம்ளரில். பிளாஸ்டிக் பூசிய கப்பும் உறிஞ்சுகுழலும் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. ஐஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் போடாதே. ஜில்லென்று வேண்டுமென்றால் இளநீர் இருக்கிறது. சீவிய கூட்டை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும், தண்ணீர் தேங்கினால் கொசு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு பெட்டி சாளைத் திண்ணையில் இருக்கட்டும்.

உடையும் உறவும்

சேலை கட்ட ஆசைப்படுவார்கள். பட்டு எடுக்காதே, நெகமம் காட்டன் எடு. பக்கத்து ஊர்ச் சரக்கு, கனமில்லை, கொசுவம் வழுக்காது. அம்மாயியும் பக்கத்துத் தோட்டத்து அக்காவும் ஏழு மணியிலிருந்து கட்டிவிட உட்காரட்டும். ஆண்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி. கறுப்பு மட்டும் தவிர்க்கச் சொல். நாதஸ்வரம் நடக்கும்போது நம்மவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டும் எழுந்து நடந்துகொண்டும் இருப்பார்கள், அது மரியாதைக் குறைவு இல்லை என்று முன்பே சொல்லி வை. கெட்டிமேளச் சத்தத்தையும் சொல்லி வை. இணைச்சீரின்போது தம்பி மைக்கில் ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசட்டும். எல்லாச் சடங்குக்கும் விளக்கம் என்று ஆரம்பித்தால் மியூசியம் ஆகிவிடும்.

அப்பா ஆயிரம் பேரைச் சொல்வார். அவரிடம் சண்டை போடாதே. முந்தின வாரம் ஊர் மண்டபத்தில் விருந்து வைத்து, மொய் எழுதுவதையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று நான் பேசிக்கொள்கிறேன். களத்துக்கு 150 பேர், அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும், சட்டமும் அதுதான். பக்கத்துத் தோட்டத்து மாடுகளும் தூங்க வேண்டும். விடிந்தால் மயில் கத்தும், அதற்கு அனுமதி யாரிடமும் வாங்க வேண்டாம்.

தாம்பூலப் பையில் தேங்காய் போடாமல் நம் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஊருக்குள் போகிறவர்களுக்குத் தாராளமாகப் போடு. விமானம் ஏறுகிறவர்களுக்கு வேண்டாம். கொப்பரை தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் தடை, காயையும் கொப்பரையையும் பிரித்துச் சொல்ல ஏர்போர்ட் வரிசையில் அவர்களால் முடியாது. மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கும் ஒரு சின்னப் பித்தளை விளக்கும் போதும். அந்தத் தேங்காயை முந்தின நாள் சட்னிக்கு உடைத்துவிடலாம், சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.