மழையில் மறையும் தொலைக்காட்சிப் படம்: மைசூரு இல்லங்களுக்கு ஒரு பாடம்

1935ஆம் ஆண்டு மைசூருவில், மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இன்று அந்நகரத்து மொட்டைமாடிகளில் குரலோடு படமும் உண்மையாகவே ஆகாயத்திலிருந்து இறங்குகிறது. ஆனால் மே மாதத்து இடிமழையிலும் அக்டோபர் மழையிலும் திரை சதுரக் கட்டங்களாகச் சிதறி, ‘நோ சிக்னல்’ என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. உடனே செட் டாப் பாக்ஸ் பழுதாகிவிட்டதெனக் கருதிப் புதியது வாங்குவோர் பலர். பெரும்பாலும் அது வீண் செலவே.

டிடி ஃப்ரீ டிஷ் சேவையை எடுத்துக்கொள்வோம். அதன் அலைவரிசைகள் 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. அது நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலைகொண்டுள்ளது. மைசூருவிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 66 பாகை உயரத்தில் இருக்கும். நகரின் பெரும்பகுதிக்கு அது ஏறத்தாழ சாமுண்டி மலைப் பக்கம். ஆயினும் இவ்வளவு உயரத்திலிருந்து வரும் அலைகளை மலை மறைப்பதில்லை.

மறைப்பது மழைத்துளி. இவ்வலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. ஆதலால் சில மில்லிமீட்டர் பருமனுள்ள துளிகள் அவற்றை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. வெறும் மேகமூட்டத்தால் பெரிய இழப்பில்லை, கனமழையே பகை. அலை சாய்வாக வருவதால், தென்கிழக்கே இரண்டு கிலோமீட்டருக்குள் பெய்யும் மழை போதும். நம் வீட்டு முற்றம் நனையுமுன்பே படம் போவது இதனால்தான்.

பழைய அனலாக் முறையில் சமிக்ஞை குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் பெருகும். ஆயினும் ஏதோ தெரியும். டிஜிட்டல் முறையில் அப்படியன்று. ஓர் எல்லை வரை படம் குறையின்றி இருக்கும். அதற்குக் கீழே ஒன்றுமே இராது. எனவே வெயில் நாளில் படம் தெளிவாகத் தெரிவது, டிஷ் சரியான திசையில் உள்ளது என்பதற்குச் சான்றாகாது. பாடத்தின் மையம் இதுவே. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரைப் பாகை விலகினாலே கிடைக்கும் ஆற்றல் பாதியாகிவிடும். வெயிலில் அந்தப் பாதியே போதுமானதாயிருக்கும். மழையைத் தாங்க மிச்சம் இராது. குரங்கு பற்றித் தொங்கியதாலோ, துணிக்கொடி கட்டியதாலோ, ஆணி தளர்ந்ததாலோ இவ்விலகல் நேரலாம்.

ஆகவே சோதனையை வானம் தெளிந்த நாளில் செய்க. செட் டாப் பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் ‘ஸ்ட்ரெங்க்த்’, ‘குவாலிட்டி’ என இரு அளவுகள் காணப்படும். இரண்டாவதே முக்கியம். ஒருவர் திரையை நோக்கியிருக்க, மற்றவர் டிஷ்ஷை மிகச் சிறிதளவாக நகர்த்தி, குவாலிட்டி மிகுந்து நிற்கும் இடத்தில் ஆணிகளை இறுக்க வேண்டும். தென்கிழக்கே அருகில் வளர்ந்துவிட்ட தென்னையோ வேறு மரமோ உண்டா எனவும் காண்க. நனைந்த இலை உலர்ந்த இலையினும் அலைகளை மிகுதியாகத் தடுக்கும்.

அடுத்தது கம்பி. டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்.என்.பி. என்னும் கருவியில் கம்பி இணையும் திருகுமுனையைக் கழற்றிப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. முனையை மாற்றி, நீர்புகா நாடா சுற்ற வேண்டும். கம்பி வீட்டினுள் நுழையுமிடத்தில் சற்றுத் தாழ்ந்து வளைந்திருந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பாக்ஸ் இக்கம்பி வழியாகவே 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி அலையின் தளத்தைத் தேர்கிறது. ஆதலின் சில அலைவரிசைகள் மட்டும் வராதபோது முதலில் ஐயுற வேண்டியது இம்முனையையே. எல்.என்.பி.மேல் பிளாஸ்டிக் பை கட்டும் வழக்கம் வேண்டாம். பையின்மேல் தேங்கும் நீர்ப்படலமே தடையாகும்.

இவையாவும் செய்தும் கனமழையில் சில நிமிடம் படம் மறையலாம். அதற்குப் பழுதுபார்ப்பு இல்லை. பொறுக்க இயலாதோர் 90 சென்டிமீட்டர் டிஷ் பொருத்தலாம்; அதன் பரப்பு இரண்டேகால் மடங்கு. மழை விட்டு அரைமணி கடந்தும் படம் வராவிடில் குறை வீட்டுக் கருவிகளில் உள்ளதெனக் கொள்க. இடி மின்னலின்போது மாடிக்குச் செல்லவே கூடாது. பாக்ஸின் மின்இணைப்பையும் டிஷ் கம்பியையும் மழைக்கு முன்பே கழற்றிவிடுவது நலம்.

பணியாளரை அழைக்க நேர்ந்தால், எண்ணை இணையத்தில் தேடாமல் பாக்ஸுடன் வந்த அட்டையிலோ ரசீதிலோ பார்த்து அழையுங்கள். போலி உதவி எண்கள் பல உலவுகின்றன. பணம் திரும்பப் பெற யுபிஐ பின் எவரும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் பணியாளரிடம், வேலைக்கு முன்னும் பின்னும் குவாலிட்டி அளவைத் திரையில் காட்டச் சொல்லி, இரண்டையும் குறித்துக்கொண்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள்.